642: வாதாபியை முழுசாகச் சொல்வோம்

கர்நாடக சங்கீத வகுப்புக்குப் போகும் நம்ம வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "வாதாபி கணபதிம் பாடுறியே, வாதாபின்னா என்ன?" பத்தில் எட்டு பேர் "பிள்ளையாரோட பேரு" என்பார்கள். ஒருத்தர் "அசுரன்" என்பார். இன்னொருத்தர் தோளைக் குலுக்குவார்.

வாதாபி ஓர் ஊர். இன்றைக்குப் பாதாமி என்று பெயர். வடக்குக் கர்நாடகாவில், பாகல்கோட் மாவட்டத்தில், செக்கச் சிவந்த பாறை மலைகளுக்கு நடுவில் ஒரு ஏரிக்கரையில் இருக்கிறது. 642-ஆம் வருஷம் காஞ்சிபுரத்திலிருந்து கிளம்பிய ஒரு படை அந்த ஊருக்குள் நுழைந்தது. நம்ம சரித்திரத்தில் இவ்வளவு கதைகள் ஒட்டிக்கொண்ட வருஷம் வேறு ஒன்று இருக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். சட்டென்று எதுவும் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் வாதாபி என்றால் கல்கிதான். 1944 முதல் 1946 வரை தொடராக வந்த "சிவகாமியின் சபதம்" அம்மாவுக்கு மனப்பாடம். டீவியில் தமிழ் சேனல் வராத காலத்தில் இங்கே கலிஃபோர்னியாவில் எங்களுக்குக் கிடைத்த தூக்கக் கதை அதுதான். மாமல்லர், பரஞ்சோதி, சபதம், வெற்றி. உங்களில் பலரும் அப்படிக் கேட்டே வளர்ந்திருப்பீர்கள். அந்தக் கதையை இப்போது நாம் நம்ம பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை வந்திருக்கிறது. எப்படிச் சொல்வது என்பதுதான் இந்தக் கட்டுரை.

1,380 வருஷம் என்றால் எவ்வளவு?

லிவர்மோர்க்காரர்களுக்கு ஒரு வசதி. நம்ம ஊர் தீயணைப்பு நிலையத்தில் 1901-ல் ஏற்றிய ஒரு பல்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டினால் வாயைப் பிளக்கிறார்கள். "பாட்டியோட பாட்டி காலத்து பல்பா!" 642 அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் பின்னால் இருக்கிறது என்று சொன்னால்தான் தூரம் புரிகிறது.

அடுத்தது ஒரு வேடிக்கை. 642-ல் நம்ம ஊரில் யாரும் அதை 642 என்று சொல்லவில்லை. பல்லவ நாட்டில் அது நரசிம்மவர்மன் பட்டத்துக்கு வந்த 13-ஆம் ஆண்டு. சாளுக்கிய நாட்டில் சக வருஷம் 564. அரபு நாட்டில் ஹிஜ்ரி 21. கிறிஸ்து பிறப்பிலிருந்து எண்ணும் வழக்கத்தைப் பரப்பிய பீட் என்கிற ஆங்கிலேயத் துறவி அப்போது பிறக்கவே இல்லை. "ஒரே நாளுக்கு நாலு பேரா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம். ஒரு போருக்கும் அப்படி நாலு கதை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவைத்தால் பின்னால் வருவது சுலபமாகப் புரியும்.

புலிகேசி என்றால் வடிவேலு இல்லை

தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புலிகேசி என்றாலே 2006-ல் வந்த "இம்சை அரசன் 23-ம் புலிகேசி" வடிவேலுதான். மீசையும் நடையும் கண்முன் வந்துவிடும். நல்ல சிரிப்புப் படம். ஆனால் நிஜப் புலிகேசியைச் சிரிப்போடு முடித்துவிட்டால் 642-இன் எடையே போய்விடும்.

இரண்டாம் புலிகேசி 610 வாக்கில் ஆட்சிக்கு வந்தவர். வட இந்தியாவையே தன் கையில் வைத்திருந்த ஹர்ஷர் தெற்கே இறங்க முயன்றபோது நர்மதைக் கரையில் அவரைத் தடுத்து நிறுத்தியவர் இவர்தான். 634-ல் ஐஹொளே மேகுடி சமணக் கோவிலில் ரவிகீர்த்தி என்கிற கவிஞர் வெட்டிவைத்த கல்வெட்டு இவருடைய வெற்றிகளை வரிசையாகச் சொல்கிறது. ரவிகீர்த்திக்குத் தன் கவிதைமேல் தன்னம்பிக்கை அதிகம். காளிதாசன், பாரவி இருவருக்கும் நிகரான புகழ் தனக்கு உண்டு என்று அதே கல்லில் சொல்லிக்கொள்கிறார். காளிதாசன் பெயரைத் தேதியோடு சொல்லும் மிகப் பழைய சான்றுகளில் அது ஒன்று.

அதே கல்வெட்டில் நம்ம ஊரைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கிறது. புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் பல்லவ அரசன் காஞ்சிக் கோட்டைச் சுவருக்குப் பின்னால் மறைந்துகொள்ள நேர்ந்தது என்கிறது. அந்தப் பல்லவ அரசர் முதலாம் மகேந்திரவர்மன். பாறையைக் குடைந்து கோவில் எழுப்பியவர், "மத்தவிலாசம்" என்ற நகைச்சுவை நாடகம் எழுதியவர். பல்லவர் செப்பேடோ மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவர்களை அழித்தார் என்கிறது. இரண்டு பக்கமும் ஜெயித்ததாக எழுதிவைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். சாக்கர் மேட்ச் முடிந்து வீட்டுக்கு வரும் இரண்டு அணிப் பிள்ளைகளும் சொல்லும் கதை இப்படித்தானே இருக்கும்!

எப்படியோ, சாளுக்கியப் படை காஞ்சியின் வாசல்வரை வந்துபோனது. மகேந்திரவர்மனின் மகன் நரசிம்மவர்மன் 630 வாக்கில் அரியணை ஏறினார். மல்யுத்தத்தில் கெட்டிக்காரர் என்பதால் மாமல்லன் என்று பெயர். மாமல்லபுரம் அந்தப் பெயரில்தான் நிற்கிறது.

போருக்கு முன்னால் வந்த ஒரு வெளியூர்க்காரர்

இந்தக் கதையில் யார் பக்கமும் சேராத ஒரு சாட்சி இருக்கிறார். சீனத் துறவி யுவான் சுவாங். 640 வாக்கில் காஞ்சிக்கு வந்தார். நகரத்தின் சுற்றளவு 30 லி என்று குறித்துவைத்தார். நூறு போல புத்த விகாரங்கள், 10,000 துறவிகள், எண்பது போல மற்றத் தெய்வங்களின் கோவில்கள் என்று எண்ணினார். மண் வளமானது, ஜனங்கள் நேர்மையானவர்கள், படிப்பை மதிப்பவர்கள் என்றும் எழுதினார். காஞ்சி அப்போது புத்தரும் சமணரும் சைவரும் வைணவரும் சேர்ந்து வாழ்ந்த பெரிய படிப்பு ஊர். நாலந்தாவில் பெயர்பெற்ற தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர் என்பதையும் அவர்தான் சொல்கிறார்.

அடுத்த வருஷமே புலிகேசியின் நாட்டுக்கும் போனார். அங்கே ஜனங்கள் ரோஷக்காரர்கள், நன்றி மறவாதவர்கள், அவமானத்தைப் பொறுக்கமாட்டார்கள் என்று எழுதினார். தோற்ற தளபதியைத் தண்டிக்காமல் புடவை கட்டச் சொல்லி அனுப்புவார்களாம். போருக்கு முன்னால் வீரர்களும் யானைகளும் மது குடித்துவிட்டுக் கிளம்புவார்களாம். ஹர்ஷராலேயே இந்த அரசனை அடக்க முடியவில்லை என்றும் பதிவுசெய்தார்.

யோசித்துப் பாருங்கள். ஒரே மனிதர் இரண்டு தலைநகர நாடுகளையும் ஒன்றிரண்டு வருஷத்துக்குள் பார்த்தார், இரண்டையும் மதிப்போடு எழுதினார். அவர் சாளுக்கிய நாட்டைவிட்டுக் கிளம்பிக் கொஞ்ச நாளில் அந்த நாட்டின் தலைநகரம் விழுந்தது.

642-ல் நடந்தது

புலிகேசி மறுபடியும் தெற்கே வந்தார். பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்று மூன்று இடங்களில் நரசிம்மவர்மன் அவரைத் தோற்கடித்ததாகக் கூரம் செப்பேடு சொல்கிறது. மணிமங்கலம் இன்றும் சென்னைக்குப் பக்கத்தில், தாம்பரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. காஞ்சியின் முற்றத்திலேயே போர் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

பிறகு பல்லவப் படை வடக்கே போனது. காஞ்சியிலிருந்து பாதாமி சாலை வழியே சுமார் 700 கிலோமீட்டர். நம்ம பிள்ளைகளுக்குச் சொல்வதானால், லிவர்மோரிலிருந்து சான் டியாகோவுக்குக் கிட்டத்தட்ட நடந்தே போவது, யானை, குதிரை, மூட்டை முடிச்சோடு. படையை நடத்தியவர் பரஞ்சோதி. இலங்கையில் அரியணை இழந்து காஞ்சியில் அடைக்கலம் புகுந்திருந்த மானவர்மன் என்ற இளவரசரும் சாளுக்கியரோடு நடந்த போரில் நரசிம்மவர்மனோடு நின்றார் என்று மகாவம்சத்தின் தொடர்ச்சி சொல்கிறது. பின்னாளில் பல்லவப் படையின் துணையோடு அவர் அனுராதபுரத்தில் அரசரானார்.

வாதாபி விழுந்தது. அந்த வருஷத்துக்குப் பிறகு புலிகேசியின் பெயரில் ஒரு கல்வெட்டும் வரவில்லை. போரில் உயிரிழந்தார் என்பதே சரித்திர ஆசிரியர்கள் கொண்ட முடிவு. பல்லவச் செப்பேடுகள் கொண்டாட்டத்தோடு பேசுகின்றன. முதுகு காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக வைத்து "விஜயம்" என்ற எழுத்துகளை நரசிம்மவர்மன் எழுதினாராம். வாதாபி என்ற அசுரனை அகத்தியர் அழித்ததுபோல வாதாபி என்ற ஊரை அழித்தாராம். ஆட்டுக்கறியாக வயிற்றுக்குள் போன அசுரனை அகத்தியர் ஜீரணம் செய்த கதை உங்களுக்குத் தெரியும். குழந்தைக்குச் சோறூட்டிவிட்டு வயிற்றைத் தடவும்போது நம்ம பாட்டிமார் வாதாபி பெயரைத்தான் சொல்வார்கள். அந்த அசுரன் பேரும் ஊர்ப் பேரும் ஒன்றாக இருந்தது பல்லவக் கவிஞர்களுக்கு லட்டு மாதிரி ஆகிவிட்டது.

பட்டயம் எல்லாம் வீட்டில் உட்கார்ந்து எழுதுவது. "நிஜமாவே போனாங்களா?" என்று ஒரு புத்திசாலிப் பிள்ளை கேட்கும். கேட்கட்டும், அதுதான் நல்ல கேள்வி. பதில் பாதாமியிலேயே இருக்கிறது. அங்கே ஒரு பாறையில், நரசிம்மவர்மனின் 13-ஆம் ஆட்சியாண்டைச் சொல்லும் ஒரு பல்லவக் கல்வெட்டு, பாதி சிதைந்த நிலையில், இன்னும் இருக்கிறது. எதிரியின் ஊரில் போய் எழுதிய எழுத்து. 630-ஓடு 13-ஆம் ஆண்டைக் கணக்கிட்டுத்தான் 642 என்று சொல்கிறோம். அவருக்கு "வாதாபி கொண்ட" என்ற அடைமொழி நிலைத்தது.

அதே வருஷம், வேறு ஊர்களில்

கலிஃபோர்னியாவில் ஏழாம் வகுப்பில் இடைக்கால உலக வரலாறு வருகிறது. ரோம், இஸ்லாமிய உலகம், சீனா, ஜப்பான், ஐரோப்பா என்று தனித்தனிப் பாடம். அதில் காஞ்சிக்கும் வாதாபிக்கும் கிடைக்கும் இடம் குறைவு. 642 என்ற ஒரே வருஷத்தைப் பிடித்துக்கொண்டால் எல்லாப் பாடங்களையும் குறுக்கே ஒரு கோடு போட்டு இணைத்துவிடலாம்.

பாரசீகத்தில் அந்த வருஷம் நகாவந்த் என்ற இடத்தில் பெரும் போர். அரபுப் படை ஜெயித்தது. நானூறு வருஷத்துக்கும் மேல் ஆண்ட சாசானியப் பேரரசு அதோடு எழுந்திருக்கவே இல்லை. கடைசி அரசர் யஸ்தகிர்த் ஓடி ஓடி 651-ல் கொல்லப்பட்டார். அந்த நாட்டு ஜொராஸ்ட்ரியர்களில் ஒரு பகுதியினர் பின்னாளில் குஜராத் கரைக்கு வந்தார்கள். அவர்கள் வழிவந்தவர்களைத்தான் பார்சிகள் என்கிறோம். புலிகேசிக்கும் பாரசீகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பேரரசர் இரண்டாம் குஸ்ரோவுக்கு ஓர் இந்திய அரசர் தூது அனுப்பியதாக அரபு வரலாற்றாசிரியர் தபரி எழுதியிருக்கிறார். அந்த அரசர் புலிகேசிதான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு.

எகிப்தில் அலெக்சாந்திரியாவைவிட்டு ரோமானியப் படை கப்பலேறியது 642-ல்தான். ஜப்பானில் கோகியோகு என்ற பெண் அரியணை ஏறினார். கொரியாவில் சில்லா நாட்டை சொன்தொக் என்ற அரசி ஆண்டுகொண்டிருந்தார். பக்கத்து நாடான கோகுர்யோவில் யொன் கேசொமுன் என்ற தளபதி தன் அரசரையே கொன்று ஆட்சியைப் பிடித்தது அதே வருஷம். இங்கிலாந்தில் நார்தம்பிரியா அரசர் ஆஸ்வால்ட் போரில் மாண்டார். பின்னால் அவரைப் புனிதராகக் கொண்டாடினார்கள்.

லிவர்மோரில்? இந்தப் பள்ளத்தாக்கு ஓலோனி மக்களின் பூமி. ஓக் மரத்துக் கொட்டைகளை இடித்து மாவாக்கி, தண்ணீர் விட்டு விட்டுக் கசப்பைப் போக்கிச் சமைத்துச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அவர்களுடைய பட்டத்து வருஷங்களைச் சொல்லும் கல்வெட்டு கிடையாது. ராபர்ட் லிவர்மோர் என்ற ஆங்கிலேயர் வந்து ஊருக்குப் பெயர் கொடுக்க இன்னும் ஆயிரத்து இருநூறு வருஷம் இருந்தது. கல்லில் எழுதாத ஜனங்களுக்கும் 642 என்று ஒரு வருஷம் இருந்தது என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். நாம் குடியிருக்கும் மண் அது.

"அப்போ நாமதான் வின்னரா?"

இப்போது கஷ்டமான இடத்துக்கு வருகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு கன்னடக் குடும்பம். அவர்களுடைய மகளும் என் மகளும் ஒரே பாட்டு வகுப்பு. இரண்டு பேரும் ஒரே குரலில் வாதாபி பாடுவார்கள். அந்தப் பெண்ணின் அம்மா பாதாமிக்குப் பக்கத்து ஊர்க்காரர். ஒருநாள் பேச்சுவாக்கில், "எங்க ஊரை அடிச்சு நொறுக்கினவங்கதானே நீங்க!" என்று சிரித்தார். அவருக்குப் பள்ளியில் படித்த இம்மடி புலிகேசி, ஹர்ஷரையே திருப்பி அனுப்பிய மாவீரர். அவர் பெயரைச் சொல்லும்போதே குரலில் ஒரு நிமிர்வு. என் மகள் அன்று ராத்திரி கேட்டாள்: "அப்போ நாமதான் வின்னரா? அவங்க லூசரா?"

இந்தியாவிலேயே வளர்ந்திருந்தால் இந்தக் கேள்வி இப்படி வந்திருக்காது. தமிழ்நாட்டில் ஒரு கதை, கர்நாடகாவில் ஒரு கதை, நடுவில் எல்லை. இங்கே அந்த இரண்டு கதைகளும் ஒரே கார்பூலில் உட்கார்ந்து வருகின்றன. லிவர்மோர் சிவா விஷ்ணு கோவிலில் சிவனும் விஷ்ணுவும் ஒரே கூரையின்கீழ். வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி இரண்டும் அங்கே உண்டு. தமிழர், கன்னடர், தெலுங்கர், குஜராத்தி எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். அந்த வரிசையில் நின்றுகொண்டு "நாங்க ஜெயிச்சோம்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், அந்தப் பெருமை பக்கத்து வீட்டு வாசல்வரைகூடத் தாங்காது.

அதற்காகப் பெருமையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அப்பா காலத்தில் ஊர்வாசல்வரை வந்த படையை மகன் திருப்பி அடித்தது பெரிய விஷயம்தான். ஆனால் கதையை அந்த இடத்தில் நிறுத்தியவர்கள் நாம். நம்ம முன்னோர் அங்கே நிறுத்தவில்லை. பரஞ்சோதிக்கு என்ன ஆச்சு என்று பாருங்கள்.

12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரியபுராணத்தில் பரஞ்சோதிதான் சிறுத்தொண்ட நாயனார். வாதாபியைத் தூளாக்கி, மணியும் நிதியும் யானையும் குதிரையும் கொண்டுவந்து அரசர் முன் நிறுத்துகிறார். அரசர் அவருடைய வீரத்தை வியக்கிறார். அப்போது மந்திரிகள், அவர் சிவனடியார், அதனால்தான் அவரை யாரும் வெல்ல முடியவில்லை என்கிறார்கள். அரசர் சந்தோஷப்படவில்லை, பதறிப்போகிறார். ஓர் அடியாரையா போர்முனைக்கு அனுப்பினேன் என்று வருந்தி, பொறுத்துக்கொள்ளச் சொல்லி, பொருள் கொடுத்து ஊருக்கு அனுப்பிவைக்கிறார். பரஞ்சோதி திருவாரூருக்கு அருகே உள்ள தன் ஊரான திருச்செங்காட்டங்குடிக்குத் திரும்பி, தினமும் அடியார்களுக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் தான் சாப்பிடுகிறார். பெரிய தளபதி, சிறுத்தொண்டர் ஆகிறார். அவர் கற்பனைப் பாத்திரம் இல்லை. அவர் காலத்திலேயே வாழ்ந்த திருஞானசம்பந்தர் திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் அவர் பெயரைப் பாடியிருக்கிறார்.

வெற்றிச் செய்தி கேட்டு ஒரு ராஜா வருத்தப்படுகிற காட்சியைத் தமிழில் ஒரு பெரும் புலவர் எழுதிவைத்திருக்கிறார். சபதத்தையும் போரையும் சொல்லும் நாம், இந்தக் காட்சியை ஏன் விட்டுவிடுகிறோம்?

(சிறுத்தொண்டர் கதையின் பின்பாதி, பிள்ளைக்கறி கேட்டு வந்த அடியார் கதை, சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். மகன் சீராளன் உயிரோடு ஓடிவருவதாக முடிந்தாலும் ராத்திரி தூக்கம் போய்விடும். பத்தாம் வகுப்பு வந்த பிறகு சொல்லி, அவர்களோடு வாதாடுங்கள்.)

பிள்ளையார் எப்போது வந்தார்?

வாதாபியிலிருந்து பரஞ்சோதி பிள்ளையார் சிலையைக் கொண்டுவந்தார், அதுவே திருச்செங்காட்டங்குடியில் இருக்கிறது, அவர்தான் வாதாபி கணபதி என்பது கேட்டுப் பழகிய செய்தி. சேக்கிழார் சொல்லும் வெற்றிப் பொருள்களில் பிள்ளையார் இல்லை. பல்லவச் செப்பேடுகளிலும் இல்லை. இது செவிவழி வந்த மரபு. பாட்டை எழுதிய முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூரில் பிறந்தவர், 1835-ல் மறைந்தவர். பாட்டு சமஸ்கிருதத்தில், ஹம்சத்வனி ராகத்தில். அந்த ராகத்தை உருவாக்கியவர் அவருடைய அப்பா ராமசுவாமி தீட்சிதர்.

மரபுக் கதை என்பதால் அதைத் தள்ளிவிட வேண்டாம். "இது கல்வெட்டில் இருக்கிறது, இது புராணத்தில் இருக்கிறது, இது ஜனங்கள் வாய்வழியாக வந்தது, இது கல்கியின் கற்பனை" என்று நாலு டப்பாவில் பிரித்துவைக்கச் சொல்லிக்கொடுங்கள். சிவகாமி நாலாவது டப்பா. அது தெரிந்த பிறகும் அவளுக்காக அழலாம். என் அம்மா இன்றும் அழுவார்.

ஒன்றைக் கவனியுங்கள். ஜெயித்த ராஜாவின் பெயரை நம்ம பிள்ளைகளில் எத்தனை பேர் தினமும் சொல்கிறார்கள்? தோற்ற ஊரின் பெயரைத்தான் கச்சேரிக்குக் கச்சேரி முதலில் பாடுகிறோம்.

நூறு வருஷம் கழித்து

வாதாபி பல்லவர் கையில் பதின்மூன்று வருஷம் போல இருந்தது. 655 வாக்கில் புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன் ஊரை மீட்டார். பிறகு அவரே காஞ்சியைப் பிடித்தார். நரசிம்மவர்மனின் பேரன் முதலாம் பரமேசுவரவர்மன் பெருவளநல்லூரில் திருப்பி அடித்தார். மாறி மாறி நடந்தது. நடுவில் நரசிம்மவர்மனின் கொள்ளுப்பேரன் ராஜசிம்மன் காஞ்சியில் கைலாசநாதர் கோவிலைக் கட்டினார்.

8-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் என்ற சாளுக்கிய அரசர் காஞ்சிக்குள் நுழைந்தார். முதுகில் விஜயம் எழுதிய கதை அவர் வீட்டிலும் தெரிந்திருக்கும். ஊரை என்ன வேண்டுமானாலும் செய்திருக்கலாம். அவர் கைலாசநாதர் கோவிலுக்குப் போனார். அங்கிருந்த செல்வத்தைப் பார்த்தார். அதை எடுத்துப்போகாமல் சுவாமிக்கே திருப்பிக் கொடுத்தார். அந்தச் செய்தியைக் கன்னடத்தில் கோவில் தூணில் வெட்டிவைத்தார். தமிழ்நாட்டின் நடுவே, பல்லவன் கட்டிய கோவிலில், ஒரு கன்னடக் கல்வெட்டு. இன்றும் போய்ப் பார்க்கலாம்.

அவருடைய ராணி லோகமாதேவி, கணவரின் காஞ்சி வெற்றிகளின் நினைவாகப் பட்டதக்கல்லில் ஒரு சிவன் கோவில் கட்டினார். இன்று விரூபாட்சர் கோவில் என்று பெயர். அதைப் பார்க்கிறவர்களுக்குக் காஞ்சி கைலாசநாதர் கோவில் ஞாபகம் வரும். அதைப் பார்த்து அந்தச் சாயலில் எழுப்பியதுதான். ஜெயித்த ஊரைப் பார்த்து ஆசைப்பட்டு, அதேபோலத் தன் ஊரிலும் ஒன்று வேண்டும் என்று கட்டியிருக்கிறார்கள். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னங்களில் பட்டதக்கல்லும் ஒன்று.

என்ன சொல்லலாம், எங்கே போகலாம்?

ஆறேழு வயதில் அகத்தியர், வாதாபி கதை போதும். அதோடு "அது ஓர் ஊர் பேரும்கூட" என்று மட்டும் சேர்த்துவிடுங்கள். ஒன்பது, பத்து வயதில் புலிகேசி, மகேந்திரவர்மன், மாமல்லன் கதையை இரண்டு பக்கமாகவும் சொல்லுங்கள். ஒரு நாள் நீங்கள் காஞ்சி, பிள்ளை வாதாபி. மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள். கன்னட நண்பர்கள் இருந்தால் அவர்கள் வீட்டில் புலிகேசியை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். ஏழாம் வகுப்பு வரும்போது ஒரு பெரிய தாளில் 642 என்று எழுதி, காஞ்சி, வாதாபி, நகாவந்த், அலெக்சாந்திரியா, ஜப்பான், கொரியா, இங்கிலாந்து, லிவர்மோர் என்று குறிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "நமக்கு எப்படித் தெரியும்?" என்று ஒரு வரி. கல்வெட்டா, செப்பேடா, பயணியின் குறிப்பா, பதிகமா, எழுத்தே இல்லையா.

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது மூன்று நாள் ஒதுக்க முடிந்தால் பெங்களூரிலிருந்து பாதாமிக்குப் போய்விடுங்கள். சுமார் 450 கிலோமீட்டர். 578-ல் தேதியிட்ட கல்வெட்டோடு மூன்றாம் குகை, அகத்தியர் பெயரிலேயே உள்ள ஏரி, பாறையில் அந்தப் பல்லவ எழுத்து. படையெடுப்பைத் தாண்டிக் குகைகள் அப்படியே நிற்கின்றன. இருபது கிலோமீட்டர் தள்ளிப் பட்டதக்கல், இன்னும் கொஞ்சம் போனால் ஐஹொளே. பிறகு சென்னை வழியாக வரும்போது காஞ்சியில் கைலாசநாதர் கோவிலில் ஒரு காலை. கூட்டம் இருக்காது.

பாதாமியில் பல்லவன் எழுதிய பாறை. காஞ்சியில் சாளுக்கியன் எழுதிய தூண். ஒன்று "உன் ஊரை எடுத்தேன்" என்கிறது. இன்னொன்று "உன் சுவாமிக்குத் திருப்பிக் கொடுத்தேன்" என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நூறு வருஷம். உங்கள் பிள்ளை இரண்டையும் கையால் தடவிப் பார்க்கும் தூரத்தில் நின்று பார்த்துவிட்டால், "யார் வின்னர்?" என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டி வராது. அவர்களே வேறு கேள்வி கேட்க ஆரம்பிப்பார்கள்.